பாவம், கம்பெனி

ஜெர்மனியின் பேயர் கம்பெனிக்கு இந்தியா செய்த கொடுமையை நினைத்தால் வயிறு எரிகிறது.

நெக்ஸவார் என்றொரு மாத்திரை. முற்றிய ஈரல், சிறுநீரகப் புற்றுநோய்க்கானது. நோயைத் தீர்க்காது; சாவைக் கொஞ்சம் தள்ளிப்போடும். 2012-ல் மாதத்துக்கு 120 மாத்திரை, ரூ. 2,80,428. ஒன்று சுமார் 2,337 ரூபாய், வேளைக்கு இரண்டு. விழுங்கியதும் குமட்டி வாந்தி வந்தால் 4,674 ரூபாய் வாஷ்பேசினில். உள்ளங்கையும் உள்ளங்காலும் தோலுரிவது மருந்தின் பக்கவிளைவு. தாலிக்கொடி அடகுக்கடைக்குப் போவது விலையின் பக்கவிளைவு. அதை மட்டும் அட்டையில் அச்சிடுவதில்லை.

இதற்கு நடுவில் ஹைதராபாத் நாட்கோ கம்பெனி, அதே மருந்தை மாதம் 8,880 ரூபாய்க்குத் தருகிறேன் என்று வந்து நின்றது. மாத்திரை 74 ரூபாய். என்ன அநாகரிகம்! 2012 மார்ச்சில் காப்புரிமைத் தலைமை அதிகாரி பி.எச். குரியன் காப்புரிமை வைத்திருந்த பேயர் சம்மதிக்காவிட்டாலும் நாட்கோ தயாரித்து விற்கலாம் என்று கட்டாய உரிமமே கொடுத்துவிட்டார்.

அவர் முன்னால் பேயர் வைத்த வாதத்தை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். பொதுமக்கள் என்றால் பணக்காரன், நடுத்தரம், ஏழை எல்லாரும்தானே, நியாய விலை ஆளுக்கு ஆள் மாறும் என்றார்கள். நல்லது. ஏழைக்கு என்ன விலை வைத்திருந்தீர்கள் ஐயா? அதே 2,80,428. தேவைப்பட்டவர்களில் 2 சதவீதத்துக்குச் சற்று மேல்தானே மருந்து போய்ச் சேர்ந்தது என்றால், இன்னொரு இந்தியக் கம்பெனியான சிப்லாவும் இதே மருந்தை மலிவாக விற்கிறதே, அதையும் கணக்கில் சேருங்கள் என்றார்கள். அந்தச் சிப்லா எங்கள் காப்புரிமையைத் திருடுகிறது என்று டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டிருந்ததும் இதே புண்ணியவான்கள்தான். அங்கே திருட்டு, இங்கே அன்னதானம்.

2013 கடைசியில் பேயரின் தலைவர் மரைன் டெக்கர்ஸ் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்: இந்த மருந்தை இந்தியர்களுக்காக உருவாக்கவில்லை, வாங்க வசதியுள்ள மேலை நாட்டு நோயாளிகளுக்காகவே உருவாக்கினோம். ஈரலில் வந்த கட்டிக்குத்தான் இது தெரியாமல் போயிற்று. பாஸ்போர்ட்கூடப் பார்க்காமல் வந்துவிட்டது.

நம் அரசாங்கத்தை விட்டுவிட முடியுமா? நாட்கோவுக்குக் கொடுத்ததோடு அதன் கை நடுங்கிவிட்டது. அடுத்த வருடமே ரத்தப் புற்றுநோய் மருந்தான தசாட்டினிபுக்கு உரிமம் கேட்டு வந்த பி.டி.ஆர். கம்பெனியைத் திருப்பி அனுப்பினார்கள். காரணம், முதலில் காப்புரிமைக்காரரிடம் போய் ஒழுங்காகக் கேட்டுப் பார்க்கவில்லையாம். அப்படிக் கெஞ்சிப் பார்க்கச் சட்டத்தில் ஆறு மாதம் வரை அவகாசம் உண்டு. அதுவரை நோயாளி செத்துத் தொலையாமல் ஒத்துழைக்க வேண்டும்.