நிலைத்தேர்: திருவரங்கத்துப் பழைய சொகுசு எஸ்யூவி குறித்து ஓர் ஆய்வு

திருவரங்கத்தில் தேரை ஆய்ந்தவர் பலர். யானையை ஆய்ந்தவர் சிலர். இரண்டின் குணமும் ஒருங்கே அமைந்த பழைய சொகுசு எஸ்யூவியை ஆய்ந்தவர் எவரும் இலர். அக்குறை நீங்க இக்கட்டுரை எழுந்தது. ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட மாதிரிகளின் எண்ணிக்கை ஒன்று. அது கீழச் சித்திரை வீதியில் என் வீட்டு வாசலில் நிற்கிறது. நிதிநல்கை என் வைப்புநிதியிலிருந்து வந்தது. நல்கையை நிறுத்தும்படி என் மனைவி மூன்று முறை வாய்மொழியாகவும் ஒரு முறை வாட்ஸ்அப்பிலும் பரிந்துரைத்திருக்கிறாள்.

வண்டியின் பெயரைச் சொல்வதற்கில்லை. என் பாட்டி கடைசி வரை தாத்தாவின் பெயரைச் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால் பக்கத்தில் நிற்பவரைச் சொல்லவைப்பாள். அந்த மரியாதைதான் இங்கும். ஐரோப்பாவில் பிறந்தது, 2012 மாடல், டீசல், ஐந்து மீட்டர் நீளம், இரண்டு டன்னுக்கு மேல் எடை என்று அங்க அடையாளம் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

இனி இத்துறையின் முதல் சூத்திரம்: விலை இறங்கும், உதிரி இறங்காது.

இதற்கு உரை வருமாறு. அறுபது லட்சத்துக்கு மேல் கொடுத்து ஒருவர் புதிதாக வாங்கிய வண்டியை, பத்து ஆண்டு கழித்து நான் பதினொன்றரை லட்சத்துக்கு வாங்கினேன். நடுத்தர மாருதி ஒன்றின் விலை. ஆனால் வண்டியின் விலை குறைந்த செய்தியை அதன் உதிரிப் பாகங்களுக்கு யாரும் தெரிவிக்கவில்லை. அவை இன்றும் தம்மை அறுபது லட்ச வண்டியின் உறுப்புகளாகவே எண்ணிக்கொண்டிருக்கின்றன. ஆகவே ‘மலிவான சொகுசு வண்டி’ என்ற தொடரில் ‘மலிவான’ என்னும் பெயரெச்சம் வாங்கும் நாளை மட்டுமே தழுவும் என்க. மறுநாள் முதல் அது எதையும் தழுவாது. வாங்கும் விலையில் மூன்றில் ஒரு பங்கை முதல் வருடப் பழுதுக்கென்று தனியே எடுத்துவைக்காதவர் இந்த ஆராய்ச்சியில் இறங்க வேண்டாம். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். எஸ்யூவியைப் பொறுத்தவரை இப்பழமொழிக்குப் பாடபேதம் உண்டு: இருந்தால் ஆயிரம் ஆயிரமாகப் போகும், இறந்தால் புதுப்பேட்டையில் எடைக்குப் போகும்.

வண்டி எங்கிருந்து வந்தது என்பது அடுத்த கேள்வி. டில்லியிலிருந்து வந்தது. தலைநகர் வட்டாரத்தில் பத்து வருடம் கடந்த டீசல் வண்டிகள் ஓடக்கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் சொன்னது. 2018இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. பத்தாவது பிறந்தநாள் நெருங்க நெருங்க அங்கே விலை சரிந்தது. வண்டி தெற்கு நோக்கி யாத்திரை கிளம்பியது. டில்லிக்கும் திருவரங்கத்துக்கும் போக்குவரத்து புதிதல்ல. டில்லியிலிருந்து பெருமாளைத் தேடிவந்த துலுக்க நாச்சியாருக்குக் கோயிலுக்குள்ளேயே இடம் உண்டு. அவர் பொருட்டு ரொட்டி அமுது செய்விக்கும் வழக்கமும் உண்டு. என் வண்டிக்கு அவ்வளவு சுலபமாக இடம் கிடைக்கவில்லை. பழைய ஆர்டிஓவின் தடையில்லாச் சான்று, தமிழ்நாட்டு ஆயுள் வரி, மறுபதிவு என்று படியேறி இறங்கியபின்தான் டிஎன் 48 ஆயிற்று. திருச்சி மேற்குக்கு 45, கிழக்குக்கு 81, திருவரங்கத்துக்கு 48. பெயரளவில் ஒரே ஊர், நம்பர் பிளேட்டில் மூன்று. காவிரியைத் தாண்டினால் வேறு உலகம் என்று இங்குள்ளவர்கள் சொல்வதைப் போக்குவரத்துத் துறையும் ஒப்புக்கொண்டிருக்கிறது.

உள்ளூரில் வாங்குவோருக்கு வேறு ஒரு சிக்கல். இங்கே விற்பனைக்கு வரும் வண்டியெல்லாம் ‘டாக்டர் ஓட்டின வண்டி’. புரோக்கர்கள் சொல்வதைத் தொகுத்துப் பார்த்தால், தில்லைநகர் மருத்துவர் ஒவ்வொருவரும் ஒரே சமயத்தில் ஆறு வண்டி ஓட்டியிருக்க வேண்டும். நோயாளியைப் பார்க்க நேரமே இருந்திருக்காது. புரோக்கரை நம்ப வேண்டாம், வண்டியைக் கேளுங்கள். மீட்டர் 60,000 கிலோமீட்டர் காட்டும். ஸ்டியரிங்கின் தோலும் பிரேக் பெடலின் ரப்பரும் வேறு கணக்குச் சொல்லும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், பின்னிரண்டு வருடம். காலையில் இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது போய் ஸ்டார்ட் செய்யச் சொல்ல வேண்டும். போவதற்கு முன்பே அன்போடு சூடாக்கி வைத்திருந்தால் அந்த அன்புக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பிவிடலாம். ஸ்கேனர் போட்டுப் பார்க்காமல் முன்பணம் கொடுப்பது ஜாதகம் பார்க்காமல் தாலி கட்டுவது போன்றது. அதையும் நான் செய்திருக்கிறேன், அது நன்றாகவே போகிறது; ஆனால் வண்டியில் செய்யக்கூடாது.

கியர்பாக்ஸ் ஆயில் பற்றி ஒரு வார்த்தை. ‘ஆயுளுக்கும் மாற்ற வேண்டியதில்லை’ என்று பல வண்டிகளின் கையேடு சொல்லும். யாருடைய ஆயுள் என்று சொல்லாது. கியர்பாக்ஸ் செய்து கொடுக்கும் ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனமோ 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. மூலத்துக்கும் உரைக்கும் முரண் வந்தால் செய்தவன் சொல்லே பிரமாணம்.

இனி ஆய்வின் மையப் பகுதிக்கு வருவோம். வண்டி வந்து ஐந்தாம் மாதம் ஒரு நாள் விடிகாலை. தெற்கு முகமாக நிறுத்தியிருந்த வண்டியின் முன்புறம் வலப்பக்கமாகத் தணிந்து கிடந்தது. கீழச் சித்திரை வீதியில் தெற்குப் பார்த்து நின்றால் வலப்பக்கம் மேற்கு, மேற்கே சன்னதி. எதிர்வீட்டு மாமா காப்பி டம்ளரோடு திண்ணையில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஓய், டில்லி வண்டியானாலும் பாரும், பெருமாள் இருக்கிற திக்கைப் பார்த்துத் தலை குனியறது.”

ஸ்டார்ட் செய்ததும் வண்டி மெல்ல எழுந்து நிமிர்ந்தது. மறுநாளும் குனிந்தது. ஒரு வாரத்தில் இது தெருவுக்கே தெரிந்து, பால் வாங்கப் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். நானும் உள்ளூரப் பெருமைப்பட்டேன் என்பதை ஆய்வு நேர்மை கருதிப் பதிவுசெய்கிறேன். பால்பண்ணைப் பக்கமிருந்து வந்த மெக்கானிக் பாய், சோப்புத் தண்ணீரைக் கரைத்து ஸ்பிரிங் இருக்க வேண்டிய இடத்தில் தெளித்தார். குமிழி குமிழியாக வந்தது.

“சாமி, வண்டி சேவிக்கல. காத்து போயிருக்கு.”

இவ்வகை வண்டிகளுக்கு இரும்புச் சுருள் கிடையாது. காற்று நிரப்பிய ரப்பர்ப் பைதான் ஸ்பிரிங். பத்து வருட வெயிலில் ரப்பர் வெடிக்கும், ராத்திரி முழுக்கக் காற்று கசியும், காலையில் அந்த மூலை உட்காரும். கசிவை ஈடுகட்டக் கம்ப்ரஸர் ஓயாமல் ஓடி அதுவும் எரியும். ஆக, ஒரு பையோடு போக வேண்டிய செலவைப் பக்தி என்று நினைத்து ஒரு மாதம் தள்ளிப்போட்டதில் கம்ப்ரஸரும் சேர்ந்துகொண்டது. ஒரு பைக்குச் சொன்ன விலையில் ஸ்கூட்டர் வாங்கலாம். மனைவியின் வாட்ஸ்அப் பரிந்துரை இக்கட்டத்தில்தான் வந்தது.

இங்கே சமயவாதம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சரணாகதியைப் பற்றி வைணவத்தில் இரண்டு நியாயங்கள் உண்டு. தாய்க்குரங்கைக் குட்டி தானே இறுகப் பற்றிக்கொள்வது மர்க்கட நியாயம். பூனைக்குட்டி சும்மா கிடக்க, தாய் கவ்விக்கொண்டு போவது மார்ஜார நியாயம். பழைய எஸ்யூவிக்காரர்களும் இவ்விரண்டாகவே பிரிவர். பூனைக்கட்சியார் சாவியைக் கம்பெனி சர்வீஸில் கொடுத்துவிட்டு, பில் வரும்போது கண்ணை மூடிக்கொள்வார்கள். குரங்குக்கட்சியார் சொந்தமாக ஸ்கேனர் வாங்கி டாஷ்போர்டுக்கு அடியில் தலைகீழாகத் தொங்குவார்கள். நான் பூனையாகப் பிறந்தேன். ஒரே ஒரு பில் என்னைக் குரங்காக்கியது. எந்தக் கட்சியானாலும் சாவி கடைசியில் பாயிடம்தான் வருகிறது என்பது இருவரும் ஒத்துக்கொண்ட சித்தாந்தம்.

சன்ரூஃப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், நினைத்தாலே வலிக்கிறது. கூரைக் கண்ணாடியைச் சுற்றி ஒரு வாய்க்கால் உண்டு. அதன் மூலைகளிலிருந்து மெல்லிய குழாய்கள் தண்ணீரைக் கீழே இறக்கும். என் வாசலில் வேப்பமரம். சித்திரையில் பூ கொட்டும். பூ குழாயை அடைத்தது, கோடைமழை பெய்தது, தண்ணீர் வழி தேடி இருக்கைக்கு அடியில் இருந்த கம்ப்யூட்டர் பெட்டியில் இறங்கியது. வேப்பம்பூ ரசத்துக்கு ஆகும், சன்ரூஃபுக்கு ஆகாது. வருடப் பிறப்பன்று பச்சடிக்குப் பூ பொறுக்கும்போதே அந்த வாய்க்காலையும் துடைத்துவிடுகிறேன். இரண்டு சடங்கும் ஒரே நாளில் முடிகின்றன.

சஸ்பென்ஷனைச் சோதிக்கத் திருச்சிக்கு ஓர் இயற்கை ஆய்வுக்கூடம் இருந்தது. 1976இல் கட்டிய காவிரிப் பாலம். அதன் இணைப்புகள் ஒவ்வொன்றும் ‘தடக்’ என்று ஒரு வினா எழுப்பும். எந்தச் சக்கரம் ‘டொக்’ என்று விடை சொல்கிறதோ அங்கே புஷ் போயிற்று என்று பொருள். 2022 நவம்பரில் பாலத்தை மூடி, இணைப்புகளை மாற்றி, 2023 மார்ச்சில் திறந்துவிட்டார்கள். பொதுமக்கள் மகிழ்ந்தனர். ஆய்வுலகம் அடைந்த இழப்பை யாரும் பேசவில்லை.

வண்டியின் அகலத்துக்கும் நம் சந்துகளுக்கும் உள்ள பகையைக் கோச்செங்கட் சோழனிடமிருந்து தொடங்க வேண்டும். முற்பிறவியில் திருவானைக்காவில் சிலந்தியாக இருந்து யானையோடு பகைத்தவன். அரசனாகப் பிறந்தபின் யானை ஏறமுடியாதபடி மாடக்கோயில்களாகக் கட்டினான் என்பது ஐதீகம். பெரிய வாகனத்தை உள்ளே விடாத கட்டுமானத்துக்கு இதைவிடப் பழைய சான்று என் பார்வைக்குக் கிட்டவில்லை. கோயிலிலிருந்து அந்தச் சிந்தனை சந்துகளுக்கும் பரவியது என்பது என் கருதுகோள். இடது பக்கக் கண்ணாடி இரண்டு முறை இதை மெய்ப்பித்துவிட்டது. தேரோடும் வீதிகள் மட்டுமே அகலம். காரணம் வெளிப்படை: தேருக்காகப் போட்ட வீதி தேரைத்தான் தாங்கும்.

அதிலிருந்துதான் என் முடிபும் பிறந்தது. போன சித்திரைத் தேருக்கு முந்தின நாள் மாலை, வீதியிலுள்ள வண்டிகளையெல்லாம் அப்புறப்படுத்தச் சொன்னார்கள். என்னுடையதில் பேட்டரி செத்துக் கிடந்தது. பேட்டரி செத்தால் இவ்வகை வண்டியில் கியர் பார்க்கிங்கிலேயே பூட்டிக்கொள்ளும்; தள்ளினாலும் நகராது. காய்கறி இறக்க வந்த டாடா ஏஸ் ஒன்று கேபிள் போட்டு மின்சாரம் பிச்சையிட்டது. கியர் விட்டது, ஸ்டியரிங் விட்டது. இன்ஜின் மட்டும் விடவில்லை. மறுநாள் வடம் பிடிக்க வெளியூரிலிருந்து வந்திருந்தவர்கள் நாற்பது பேராவது கைவைத்தார்கள். யாரோ வழக்கப்படி “ரங்கா! ரங்கா!” என்றார். கூட்டம் திருப்பிச் சொன்னது. வண்டி அசைந்தது. இன்ஜின் ஓடாததால் பிரேக் பெடல் கல்லாக இருந்தது. ஓடத் தொடங்கிய வண்டியை நிறுத்த வழி தெரியாமல் நான் விழித்தபோது, தேருக்குக் கட்டை போடுகிறவர் ஒருவர் கூடவே ஓடிவந்தார்.

“சாமி, நீங்க ஸ்டியரிங்க மட்டும் புடிங்க. கட்டை நாங்க போடுறோம்.”

போட்டார். ஒரு சந்து வாயில் வண்டி முட்டுக்கட்டையில் ஏறி நின்றது.

எனவே பழைய சொகுசு எஸ்யூவி போக்குவரத்து வாகனம் அன்று, தேரே. வருடத்தில் பெரும்பகுதி நிலையில் நிற்பது, அலங்காரத்துக்கு அஞ்சாதது, ஊர் கூடினால் நகர்வது, நகர்ந்ததை விட நின்றதற்கே அதிகம் செலவு வைப்பது என நான்கு இலக்கணமும் பொருந்தி நிற்கின்றன. தேரை வைத்துக்கொண்டு மைலேஜ் கேட்பார் இலர். இவ்வூரில் இதற்குக் கைகளும் உண்டு. 1928 முதல் பொன்மலைப் பணிமனை இங்கே இருக்கிறது; நீலகிரி மலை ரயிலுக்கு நீராவி இன்ஜினையே புதிதாகச் செய்து அனுப்பிய இடம் அது. திருவாரூர் ஆழித்தேருக்கு இரும்புச் சக்கரம் போட்டது நம் பெல் நிறுவனம். வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய ஒரு காற்றுக்குழாய் ஜாயின்ட்டைத் துவாக்குடி லேத்துக்காரர் ஒருவர் பித்தளையில் கடைந்து கொடுத்தார். முந்நூறு ரூபாய். இன்றும் கசியவில்லை.

உதிரிக்குக் காத்திருந்து மாதக்கணக்காக வண்டி நின்றால் தெருவில் கேலி செய்வார்கள். அப்போது நிமிர்ந்து தெற்கு வாசலைப் பார்க்கச் சொல்வேன். 236 அடி ராஜகோபுரம், 1987இல் முடியும்வரை, நூற்றாண்டுக்கணக்கில் அடிப்பகுதியோடு மொட்டைக் கோபுரமாக நின்றது. பெருமாளே காத்திருந்தார்.

என் வண்டியின் பதிவு 2027இல் முடிகிறது; அதற்குமேல் ஐந்து வருடத்துக்குப் புதுப்பிக்கலாம். புதுப்பிப்பதாக இருக்கிறேன், மனைவிக்கு இன்னும் சொல்லவில்லை. ஆய்வை நேரில் சரிபார்க்க விரும்புவோர் காலை ஆறு மணிக்குள் வரலாம். டூவீலரில் வாருங்கள், வாசலில் இன்னொரு கார் நிறுத்த இடமில்லை.