ஆத்தாடியும் அடேங்கப்பாவும்: இருபது வளைவுகளில் ஒரு கள ஆய்வு

வியப்புக்கு மருட்கை என்று பெயரிட்டு, அது புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்ற நான்கிலிருந்து பிறக்கும் என்று வகுத்துவிட்டுப் போனார் தொல்காப்பியர். அவர் காலத்தில் ஏற்காட்டுக்குப் பேருந்து கிடையாது. அதனால் ஐந்தாவது காரணமான ஓட்டுநர் விடுபட்டுப்போனார். இந்த இடைவெளியை நிரப்பவே சேலத்திலிருந்து ஜன்னலோர இருக்கை பிடித்து இவ்வாய்வு மேற்கொள்ளப்பட்டது.

மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். அடிவாரத்தில் கேட்டது வெறும் 'அட'. கீழே சேலம் நகரம் தெரியத் தொடங்கியதும் 'அடேங்கப்பா'. எதிரே லாரி வந்து, பேருந்து பின்னுக்கு நகர்ந்த வளைவில் 'ஆத்தாடி', 'யம்மாடி'. ஆக, காட்சிக்கு அப்பன், பள்ளத்துக்கு ஆத்தாள் என்பது முதல் முடிபு. அதே வளைவில் ஒலித்த 'முருகா' வியப்பா, வேண்டுதலா என்று முன் இருக்கைப் பெரியவரிடம் கேட்டேன். எலுமிச்சம்பழத்தை மூக்கோடு அழுத்திக் கண்ணை மூடியிருந்தவர் கையை மட்டும் ஆட்டினார். தரவு போதவில்லை.

மேலே போனால் ஆங்கிலம். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காப்பியைக் கொண்டுவந்தார். பின்னாலேயே தோட்டத் துரைமார், கான்வென்ட், 1917-இல் மான்ஃபோர்ட் பள்ளி. காப்பி வேரூன்றிய மண்ணில் துரைமார் வாய்ச்சொல்லும் வேரூன்றாமல் இருக்குமா? அவர்கள் வியப்பில் ஒரு கூச்சம் உண்டு. கடவுளை நேராகக் கூப்பிடமாட்டார்கள். 'காட்' என்பதைக் 'காஷ்' என்றும் 'கோலி' என்றும் மாற்றிச் சொல்வார்கள், புருஷன் பெயரைச் சொல்லாத அந்தக்காலத்துப் பெண்களைப் போல. நம்பிக்கை வராவிட்டால் பன்றியைப் பறக்கவிடுவார்கள். இது மட்டும் நடந்தால் என் தொப்பியைத் தின்கிறேன் என்பார்கள். நாமோ கேப்பையில் நெய் வடியவிடுகிறோம். அவநம்பிக்கையிலும் வாய்க்கு ருசியானதை நினைக்கும் இனம் எது என்பதை வாசகர் தீர்ப்புக்கு விடுகிறேன். (காதில் பூச்சுற்றுவது தனி ஆய்வுக்குரியது. காது யாருடையது, பூ என்ன பூ என்பதிலேயே சிக்கல்.)

இரு மரபுகளும் சந்திக்கும் இடம் ஏரிக்கரை. தணலில் சோளக்கதிரைத் திருப்பிக்கொண்டிருந்தவரிடம் ஒரு குடும்பம் விலை கேட்டது.

"ஒண்ணு அறுபதுங்க."

"ஓ மை காஷ்!" என்றாள் பள்ளிச் சீருடையில் இருந்த பேத்தி. கதிர் திரும்பியது, விலை நின்றது.

"நெசமாலுமா சொல்றீங்க?" என்றார் அம்மா. எலுமிச்சை மூடியை மிளகாய்ப்பொடியில் தோய்த்தார் வியாபாரி. விலை அசையவில்லை.

பாட்டி வாயே திறக்கவில்லை. வலக்கை ஆள்காட்டி விரலை மூக்கின்மேல் வைத்து, கதிரையும் ஒரு பார்வை, அவரையும் ஒரு பார்வை பார்த்தார்.

"சரிங்க ஆயா, பத்து ரூவா கொறச்சே குடுங்க."

விரல் இன்னும் மூக்கைவிட்டு இறங்கவில்லை.