நாலு பாயிண்ட் மரியாதை

திண்டுக்கல் மணிக்கூண்டுப் பக்கம் எந்தச் சந்தில் நுழைந்தாலும் ஒரு டிடிபி அண்ணன் உட்கார்ந்திருப்பார். கண் திரையில், கை மவுஸில், காது வந்தவரிடத்தில். வந்தவரின் முகத்தை நிமிர்ந்து பார்ப்பதெல்லாம் கொடுத்த போட்டோ மங்கலாக இருந்தால் மட்டும்தான். யார் வீட்டில் காதணி விழா, எந்த அண்ணன் தம்பிக்குள் பேச்சு வார்த்தை இல்லை என்பதில் தாலுகா ஆபீஸ் வாரிசுச் சான்றிதழைவிட அவருடைய டி டிரைவ் நம்பகமானது.

அவர் எழுத்து அடித்துப் பிழைக்கிறார் என்று ஊரில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் அவர் பிழைப்பு போட்டோவைச் சுற்றிக் கோடு போடுவதில் இருக்கிறது. காதணி விழா ஃப்ளெக்ஸில் குழந்தைக்குப் பூ பார்டர். தாய்மாமனுக்கு நாலு பாயிண்ட், தங்கக் கலர். சித்தப்பாக்களுக்கு இரண்டு பாயிண்ட், வெள்ளை. கடைசி வரிசையில் கூலிங் கிளாஸோடு நிற்கும் நண்பர்கள் குழுவுக்கு ஹேர்லைன். அது பிரிண்டில் விழுந்தால் அவர்கள் அதிர்ஷ்டம். ஒரு பாயிண்ட் என்பது அங்குலத்தில் 72-ல் ஒரு பங்கு. திரையில் இந்த வித்தியாசம் கொசுக்கால் அளவு. ஆனால் அண்ணன் டிசைன் செய்வது அடிக்கு ஓர் அங்குலம் கணக்கில். ஃப்ளெக்ஸாக விரியும்போது மாமாவின் நாலு பாயிண்ட் முக்கால் அங்குலத்தை நெருங்கிவிடும். சண்டைக்கு அது தாராளம்.

அண்ணன் தொழில் பழகியது பேஜ்மேக்கரில். அடோபி நிறுவனம் 2001-ல் 7.0 பதிப்பைக் கொடுத்ததோடு அதற்கு வாய்க்கரிசி போட்டுவிட்டது. அண்ணன் இன்னும் போடவில்லை. பழைய தமிழ் ஃபாண்டெல்லாம் அதில்தானே ஒழுங்காக உட்காருகிறது! அதில் ஒரு வில்லங்கம் உண்டு. கொண்டுவந்து வைத்த போட்டோவைத் தேர்ந்தெடுத்து ஸ்ட்ரோக் கொடுத்தால் அது பாட்டுக்குச் சும்மா இருக்கும். பிளக்-இன் பட்டியலுக்குள் இறங்கி ‘கீலைன்’ என்பதைப் பிடித்து, எத்தனை பாயிண்ட் தள்ளி என்று சொன்னால்தான் கட்டம் விழும். இது தெரியாத புதுப் பையன்கள் போட்டோ மேலேயே காலிக் கட்டம் ஒன்றை வரைந்துவிட்டு, குரூப் பண்ண மறந்துபோவார்கள். மாமாவை நகர்த்தினால் மாமா மட்டும் போவார். அவருடைய தங்க பார்டருக்குள் பந்தல்காரர் போன் நம்பர் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

கோரல்டிராவில் இன்னொரு கூத்து. அவுட்லைன் பெட்டியில் ‘ஸ்கேல் வித் ஆப்ஜெக்ட்’ டிக் இல்லாவிட்டால், படத்தைச் சுருக்கினாலும் கோடு சுருங்காது. கடைசி நேரத்தில் பங்காளிகள் எட்டுப் பேர் கூடுதலாக வந்து சேர, எல்லாரையும் குறுக்கினால், கோடு மட்டும் பழைய தடிமனிலேயே நிற்கும். திண்டுக்கல் பூட்டின் சாவித் துவாரம் வழியாக எட்டிப் பார்ப்பதுபோல் ஒவ்வொருவருக்கும் ஒரு மூக்கு மட்டும் தெரியும்.

இன்டிசைன் படித்துவிட்டு வந்த அக்கா மகன்தான் இப்போது அண்ணனுக்குப் பக்கத்து சீட். அதில் கோட்டைப் படத்தின் உள்பக்கம், நடு, வெளிப்பக்கம் என்று மூன்று விதமாக வைக்கலாம் என்று அவன் பெருமையாக விளக்கினான். அண்ணன் அரை நிமிஷம் யோசித்தார். “உள்ள வச்சா மாமா காது போயிரும். வெளிய வச்சா சித்தப்பா எடத்துக்குள்ள போயிரும். நடுவுல வச்சா ரெண்டு பக்கமும் பாதிப் பாதி சண்டை. எதுக்கு மாப்ள வம்பு, ரவுண்டு போட்டுரு.” சிக்கலான குடும்பங்களுக்கு அண்ணன் கண்ட ஒரே தீர்வு வட்டம்தான்.

அவர் நிஜமாகவே பயப்படுவது கறுப்பு பார்டருக்கு. ராத்திரி கண்ணீர் அஞ்சலி போஸ்டர், காலையில் நிச்சயதார்த்தம். அவசரத்தில் பழைய ஃபைலைத் திறந்து முகத்தை மட்டும் மாற்றினால் மாப்பிள்ளை கதி என்ன? அதனால் அஞ்சலி ஃபைலுக்கு டெஸ்க்டாப்பில் தனிச் சுடுகாடே ஒதுக்கியிருக்கிறார். 2017 அக்டோபரில், உயிரோடு இருப்பவர்களின் படத்தை பேனரில் போடக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி உத்தரவிட்டபோது, அண்ணனுக்குக் கைவசம் சட்டப்படி மிஞ்சியது அந்த ஃபோல்டர் ஒன்றுதான். அந்த ஆண்டு முடிவதற்குள் இரு நீதிபதிகள் அமர்வு உத்தரவை ரத்து செய்தது. தங்க பார்டருக்கு மறுபடி உயிர் வந்தது.

புரூஃப் பார்க்க தாய்மாமனே நேரில் வந்துவிடுவதும் உண்டு. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றித் திரையோடு மூக்கு உரசப் பார்ப்பார்.

“ஏப்பா, அவனுக்கும் எனக்கும் ஒரே கோடா?”

“உங்களுக்குத் தங்கக் கலர் மாமா. அவருக்கு வெறும் மஞ்சள்.”

“ரெண்டும் ஒண்ணாத்தான தெரியுது?”

“பிரிண்ட்ல தெரியும் மாமா.”

பிரிண்டிலும் தெரிவதில்லை. அது தெரியவருவதற்குள் பந்தலில் மொய் எழுதி முடித்திருப்பார்கள்.