பளபள மாமா

தலைவர் சிலை என்றால் விரலை நீட்டி முறைத்துக்கொண்டு நிற்க வேண்டும். ஜப்பானின் பெப்பு ரயில் நிலைய வாசலில் நிற்கும் அபுராயா குமஹாச்சிக்கு இந்த இலக்கணம் தெரியாது போலும். இரண்டு கையையும் விரித்துத் தூக்கி, சொர்க்கத்திலிருந்து அப்போதுதான் குதித்தவர் மாதிரி நிற்கிறார். மேலங்கியைப் பிடித்துக்கொண்டு ஒரு குட்டிப் பிசாசு தொங்குகிறது. சாதனைப் பட்டியலைத் தேடினால், குழந்தைகளை நேசித்த 'பளபள மாமா' என்றுதான் எழுதியிருக்கிறது. பளபளப்பு, வழுக்கையின் உபயம்.

அரிசி ஊக வணிகத்தில் சொத்தைத் தொலைத்தவர், 1911-இல் வெந்நீர் ஊற்றுகள் நிறைந்த இந்த ஊரில் விடுதி திறந்தார். வெந்நீர் பூமியின் சரக்கு. விளம்பரம் மட்டும் இவருடையது. வெந்நீர் என்றால் பெப்பு என்று ஃபூஜி மலையில் போய்க் கம்பம் நட்ட ஆள்! இவ்வூரில் கொதிக்கும் ஊற்றுகளுக்கு 'நரகம்' என்று பெயர். 1928-இல் பெண் வழிகாட்டிகளை அமர்த்தி அந்த நரகங்களுக்குப் பேருந்து விட்டார். நரகத்துக்கு டிக்கெட் விற்றவருக்குச் சிலை வைத்த ஊர் வேறு எது?

அதுவும் உடனே அல்ல. 1935-இல் இறந்தவருக்கு 2007-இல்தான் சிலை வந்தது. பக்கத்திலேயே கை நனைக்க ஒரு வெந்நீர்த் தொட்டி இருக்கிறது. அதற்குக் கட்டணம் கிடையாது.