சல்லி பெறாத முகம்

எங்கள் ஊரின் பெயர் சல்லி. திருகோணமலைக்கு வடக்கே, உப்புவெளி கழிந்தால் கடலோரம் முத்துமாரியம்மன் இருக்கிறாள். அவள் காலடியில் வள்ளமும் வலையும் நாங்களும். சல்லி என்றால் காசு என்றும் பொருளுண்டு. கோடம்பாக்கத்துக் கணக்கில் மட்டும் எங்கள் முகம் ஒரு சல்லி பெறாது.

காதலிக்கப்படவும் லாயக்கில்லாத முகம் என்பது 1986இல் உறுதியானது. 83 யூலை இனக்கலவரத்துக்குப் பிறகு மூன்றே ஆண்டு. எரிந்த வீடுகளின் புகை மனதில் அடங்கவில்லை. படகேறிய சனம் மண்டபம் அகதி முகாமில் அரிசிக்கு நின்றது. அந்த நல்ல நேரத்தில் பாலசந்தர் ‘புன்னகை மன்னன்’ எடுத்தார். இலங்கைக் காதலி ஒருத்தி வேண்டியிருந்தது. வந்தாள் மாலினி, சிங்களத்தி. நடித்தவர் கொச்சியில் பிறந்த ரேவதி. இனப்பகைக்குக் காதல்தான் மருந்து என்ற நல்லெண்ணம், கும்பிடுகிறேன். எட்டு வருடம் முந்தி ‘பைலட் பிரேம்நாத்’தில் சிவாஜிக்குச் சோடி, அசல் சிங்கள நடிகை மாலினி பொன்சேகா. ஆக, இலங்கை என்றால் மாலினி. கருவாடு காயப்போடும் எங்கள் பாக்கியத்தையும் செல்லம்மாவையும் பார்த்து ஒரு டூயட் பாட எந்தக் கதாநாயகனுக்கும் தொண்டை திறக்கவில்லை.

2000இல் எங்களுக்கும் யோகம் அடித்தது: ‘தெனாலி’. கதாநாயகனே இலங்கைத் தமிழன்! தொட்டதற்கெல்லாம் பயப்படுகிறவன். கடலில் இறங்குவதற்கே பாஸ் கேட்டு நேவிக்காரனுக்கு முன்னால் பல்லிளித்து நின்ற காலம் அது. அந்தப் பயத்தைத்தான் பொரித்துத் தீபாவளிப் பலகாரமாகப் பரிமாறினார்கள். நாங்களும் தின்றோம். “கமல் எங்கட தமிழ் கதைக்கிறார்” என்று பூரித்தோம். அது யாழ்ப்பாணத்துத் தமிழ் என்பதையும், திருகோணமலைக்காரன் வாயில் வேறொரு தமிழ் இருப்பதையும் நாங்களே மறந்துபோனோம்.

கோடம்பாக்கத்தை ஏசுவது சுகமான வேலை. செலவில்லை, பதில் வராது. ஆனால் 1977 நினைவுக்கு வந்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. அந்த ஆண்டு யாழ்ப்பாணத்து மண்ணில் ஒரு காதல் படம் வந்தது: ‘பொன்மணி’. எழுதியவர் காவலூர் இராசதுரை. இயக்கியவர் தர்மசேன பத்திராஜ, சிங்களவர். ‘உயர்ந்த’ வீட்டுப் பெண் பொன்மணி. அந்த வீட்டில் சீதனம் சேராததால் அக்காளே கலியாணமாகாமல் இருக்கிறாள். பொன்மணியோ சாதி குறைந்தவன் என்று ஒதுக்கப்பட்ட ஒரு இளைஞனோடு போய்விடுகிறாள். கொல்லப்படுகிறாள். சுவிட்சர்லாந்து மலை இல்லை, வில்லனுக்குத் தனி வீடும் இல்லை; வில்லன் குடியிருந்தது நம் வளவில். கொலை செய்தது நம் கௌரவம்.

படம் ஓடவில்லை. ஓடுமா? எம்.ஜி.ஆர். சேரிப்பெண்ணைக் கைப்பிடித்தால் விசிலடித்த அதே கைகள்தான், நம்மூர்ப் பெண் சேரிக்குப் போனால் அரிவாளைத் தேடுகிற கைகளும். சிங்களவன் எங்கள் முகத்தை அழிக்கிறான் என்று மேடைக்கு மேடை முழங்கியவர்கள், ஒரு சிங்களவர் அந்த முகத்தைக் கழுவித் துடைத்து நேரே காட்டியபோது கண்ணை மூடிக்கொண்டார்கள். இரண்டு வருடம் கழித்து ‘சருங்கலே’ என்ற சிங்களப் படத்தில் காமினி பொன்சேகா நடராஜா என்ற தமிழ்க் கிளாக்கராக நின்றார். அவர்களுடைய பெரிய நட்சத்திரம் தமிழனாக நிற்கக் கூசவில்லை. எங்களுக்குத்தான் பக்கத்துத் தெருத் தமிழனாக நிற்கக் கூச்சம்.

போன வருடம் பக்கத்து ஊரில் ஒரு விழாவுக்குத் திரை கட்டிப் பழைய படம் போடுவோம் என்று பேச்சு வந்தது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், “பொன்மணி போடுவோமே” என்றேன்.

“அதில ஆர், கமலா?”

“இல்லை. எங்கட ஆக்கள் நடிச்ச படம்.” கதையையும் சுருக்கமாகச் சொன்னேன்.

வெற்றிலையைத் துப்பிவிட்டு ஒரு பெரியவர் அக்கறையோடு கேட்டார்: “அந்தப் பொடியன் என்ன ஆக்கள்?”

‘புன்னகை மன்னன்’ போட்டார்கள். நல்ல கூட்டம்.