பனை உச்சியும் 148ஆம் மாடியும்

முதுகுளத்தூருக்குத் தெற்கே சாயல்குடி வரைக்கும் பனையைத் தவிர வேறு உயரம் கிடையாது. மலை இல்லை, குன்று இல்லை. சீமைக்கருவேலம் ஆள் உயரத்தைத் தாண்டியதும் பக்கவாட்டில் படர்ந்துவிடும். கண்மாய்க் கரையில் ஏறி நின்றால் அதுவே மேடு. அந்தத் தட்டையான நிலத்தில் பனை மட்டும் 20 மீட்டர், சில இடங்களில் 30 மீட்டர் வரைக்கும் நிமிர்ந்து நிற்கும். அதில் ஏறத் தெரிந்தவர்களுக்கு மட்டும்தான் ஊரை மேலிருந்து பார்க்கக் கொடுத்துவைத்தது. எங்கள் அய்யா அவர்களில் ஒருவர்.

காலில் தளைநார், இடுப்பில் அருவாப்பெட்டி. மாசி பிறந்து பாளை விட்டதும் தொழில் தொடங்கும். ஆடி வரைக்கும் ஓயாது. விடியுமுன் கலயத்தை இறக்கிப் பாளை சீவிவிட்டு வரவேண்டும், சாயங்காலம் மறுபடியும் ஏறிச் சீவவேண்டும். ஒரு நாள் சீவாமல் விட்டால் பாளை அடைத்துக்கொள்ளும். அதனால் காய்ச்சலானாலும் துக்க வீடானாலும் ஏறித்தான் ஆகவேண்டும். முப்பது மரம் வைத்திருந்தவர், மரத்துக்கு 20 மீட்டர் என்றாலும், இரண்டு வேளைக்கும் சேர்த்து நாளொன்றுக்கு 1,200 மீட்டர் ஏறியிருப்பார். உலகத்திலேயே உயரமான கட்டடம் என்கிற துபாயின் புர்ஜ் கலீஃபா 828 மீட்டர். எங்கள் அய்யா அதைவிட அதிக உயரத்தைத் தன் நெஞ்சாலும் தொடையாலும் தினமும் ஏறி இறங்கினார். மரம் உரசிய தழும்பு அவர் மார்பில் கடைசிவரை கறுத்துக் காய்த்துக் கிடந்தது.

அவர் மேலிருந்து பார்த்தது வேடிக்கைக்காக அல்ல. வடக்கே முதுகுளத்தூர் பஸ் கிளப்பும் புழுதி தெரிந்தால், "பஸ்சு வந்திருச்சு, ஓடுங்கடா" என்று குரல் கொடுப்பார். எந்தக் கரிமூட்டத்தில் விறகு கரியாகிவிட்டது, எந்த மூட்டத்தில் புகை வெளுத்துச் சாம்பலாகப் போகிறது என்பது ஊருக்கு முதலில் அவர் சொல்லித்தான் தெரியும். மாசியில் சித்திரங்குடிக் கண்மாயிலிருந்து கடைசிக் கூழைக்கடாக்கள் கிளம்புவதைப் பார்த்துவிட்டு, தண்ணீர் இன்னும் எத்தனை நாளைக்கு வரும் என்று கணக்குச் சொல்வார். வானம் தெளிந்த காலையில், எங்கள் பக்கத்து உயர்ந்த பனையிலிருந்து தெற்கே கடல் ஒரு வெள்ளிக் கோடாகத் தெரியும் என்பார். பிறகு நான் கணக்குப் படித்தபோது சரிபார்த்தேன்: 20 மீட்டர் உயரத்திலிருந்து அடிவானம் சுமார் 16 கிலோமீட்டர். எங்கள் ஊரிலிருந்து கடல் அதற்குள்ளேதான் இருக்கிறது. அவர் சொன்னது நிசம்.

பானமும் அந்த உச்சியிலிருந்துதான் வந்தது. பனையோலையை மடித்துப் பட்டை பிடித்து, அதில் பதனியை ஊற்றி, நிழலில் நிற்கிறவர்கள் குடிப்பார்கள். வாத்தியார் குடிப்பார், பஸ் டிரைவர் வண்டியை நிறுத்திக் குடிப்பார், சந்தைக்குப் போகிறவர்கள் குடிப்பார்கள். மிச்சம் விடிலிக்குப் போகும். அம்மா காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றிக் கருப்பட்டியாக்குவாள். ஏறியவருக்குக் காலையில் கம்மங்கஞ்சி. கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவினால் பதனி, தடவாவிட்டால் கள். 1987 முதல் தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை. சுண்ணாம்பு வெள்ளையாகத் தெரிந்தாலும் அய்யாவின் கலயத்தை முகர்ந்து பார்க்க யாராவது வந்துகொண்டே இருந்தார்கள். 2003இலிருந்து சில்லறை மதுக்கடைகளை அரசே நடத்துகிறது. பனையேறியை மட்டும் சந்தேகத்தோடு பார்த்த அந்தக் காலத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

அண்ணன் பனை ஏறவில்லை. ஏறவிடவில்லை என்பதுதான் சரி. "இந்தக் கட்டை என்னோட போகட்டும்" என்று அய்யா சொல்லிவிட்டார். எண்பதுகளின் தொடக்கத்தில் பம்பாய் போய், ஏஜெண்டுக்குக் காசு கட்டி, துபாய் சேர்ந்தான். முதல் விடுமுறையில் 100 திர்ஹம் நோட்டு ஒன்றை விரித்துக் காட்டினான். ஒரு பக்கம் பழைய கோட்டை, மறுபக்கம் துபாய் உலக வர்த்தக மையக் கட்டடம். 1979இல் திறந்தபோது அந்த வட்டாரத்திலேயே உயரமானது அதுதான், 39 மாடி. அய்யா நோட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "எத்தன பனை உயரம்?" என்று கேட்டார். அண்ணன் யோசித்து, "ஏழெட்டுப் பனை இருக்கும்யா" என்றான். அவர்களுக்குள் உயரத்தைப் பேச அதுவே அளவுகோல்.

அந்தக் கணக்கில் புர்ஜ் கலீஃபா 20 மீட்டர்ப் பனை 41ஐ ஒன்றன்மேல் ஒன்றாக நட்ட உயரம். 2004இல் தோண்டத் தொடங்கி 2010 ஜனவரி 4இல் திறந்தார்கள். கட்டும்போதெல்லாம் அதன் பெயர் புர்ஜ் துபாய்; திறந்த அன்றுதான் பெயர் மாறியது. கோடையில் கான்கிரீட்டைப் பகலில் ஊற்ற முடியாது, வெடித்துவிடும். இரவில்தான், அதுவும் கலவையில் ஐஸ் போட்டு ஊற்றினார்கள். வேலை உச்சத்தில் இருந்தபோது ஒரே நாளில் 12,000 பேர் அங்கே உழைத்தார்கள். பெரும்பாலானவர்கள் இந்தியா, பாகிஸ்தான், வங்காளதேசம், நேபாளத்துக்காரர்கள்.

குளிர்சாதனமும் மின்சாரமும் குழாயும் செய்த கூட்டு நிறுவனங்களில் ஒன்று ஈ.டி.ஏ. அதைத் தொடங்கியவர் எங்கள் மாவட்டத்துக் கீழக்கரையில் பிறந்த பி.எஸ். அப்துர் ரகுமான். வோல்டாசும் ஜப்பானின் ஹிட்டாச்சியும் அதோடு சேர்ந்திருந்தன. குடிதண்ணீருக்குக் குடத்தோடு அலைகிற ராமநாதபுரத்துக் கடற்கரையிலிருந்து கிளம்பிய ஒருவரின் நிறுவனம், உலகத்தின் உயரமான கட்டடத்துக்குள் குளிர்ந்த காற்றைக் கொண்டுபோனது. எங்கள் பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் இது இருக்கவேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

அண்ணன் அங்கே டக்ட் வேலை செய்தான், ஒரு சிறிய உள்ஒப்பந்தக்காரரிடம். தகரப் பாதையைத் தூக்கிப் பொருத்தி, மேலே இன்சுலேசன் சுற்றி, மூட்டுக்கு மூட்டு அடைப்பது. தங்கியது சோனாபூர் தொழிலாளர் முகாமில், ஓர் அறைக்குள் அடுக்குக் கட்டில்களில். சம்பளம் சில மாதம் தள்ளிப்போகும். வீட்டுக்குப் பணம் வராத மாதங்களில் மதினி நகையை வைத்துச் சமாளித்ததை நான் பார்த்திருக்கிறேன். 2006 மார்ச்சில் அந்தக் கட்டுமான இடத்தில் தொழிலாளர்கள் கூலிக்காகவும் நடத்தப்பட்ட விதத்துக்காகவும் கொதித்தெழுந்தது உலகச் செய்தியானது. அண்ணன் அதைப்பற்றி போனில் ஒரு வார்த்தை பேசியதில்லை.

போன தை மாதம் அண்ணன் மகன் எங்கள் இருவரையும் துபாய்க்கு வரவழைத்தான். அவன் அங்கே கணினி வேலையில் இருக்கிறான். "சின்னையா, அப்பா கட்டுன பில்டிங்க அப்பாவே இன்னும் மேல போய்ப் பாக்கல. நீங்களும் வாங்க" என்றான். கூட்டம் அதிகம் போகிற 124ஆம் மாடிக்கு அல்ல, 148ஆம் மாடிக்கே டிக்கெட் எடுத்திருந்தான். ஆளுக்கு நூற்றுக்கணக்கான திர்ஹம். துபாய் மாலுக்குள் நுழைந்து, சோதனை முடித்து, லிப்டில் நின்றோம். நொடிக்கு 10 மீட்டர் வேகம். காது அடைத்துத் திறப்பதற்குள் 120 மாடிக்குமேல் போய்விட்டோம். அங்கே இறங்கி இன்னொரு லிப்டு. அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு, "எங்களுக்கு வெளிப்பக்கத்து ஹாயிஸ்டு. காத்து அடிச்சா நிறுத்திருவாங்க. ஏறவே பாதி நேரம் போயிரும்" என்றான்.

555 மீட்டர் உயரத்தில் தரைவிரிப்பும் சோபாவும் போட்ட கூடம். சீருடை அணிந்த பெண் ஒருத்தி தட்டில் பேரீச்சம்பழமும், சின்னக் கிண்ணத்தில் ஏலக்காய் மணக்கும் அரபிக் காப்பியும் கொண்டுவந்தாள். இதற்கு மேலே 152 முதல் 154 வரை இன்னொரு கூடம். மாலை வேளையில் மது முதல் தேநீர் வரை பரிமாறி சூரியாஸ்தமனத்தைக் காட்டுகிறார்கள். 122ஆம் மாடியில் உணவகம். ஏறியவர் குடிக்காமல் கீழே நிற்கிறவர் குடித்தது எங்கள் ஊர். இங்கே குடிக்கிறவரே மேலே வருகிறார், ஏறிக் கட்டியவர் கீழே முகாமில் இருக்கிறார். உயரம் அப்போது கூலிக்காரனின் வேலையிடம். பார்வை அந்த வேலையோடு சும்மா கிடைத்தது. இப்போது பார்வைக்குத் தனியாக விலை வைத்து, வேலையைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துவிட்டார்கள். அந்தப் பெண் புன்னகை மாறாமல் எங்கள் கிண்ணத்தை மறுபடி நிரப்பியபோதும் எனக்கு இதுதான் ஓடிக்கொண்டிருந்தது.

கண்ணாடிக்கு வெளியே கடல், நீலமும் சாம்பலும் கலந்து. கீழே நீரூற்றுக் குளம், பொம்மைகளைப்போலக் கார்கள், அதற்கப்பால் பாலை. இந்த உயரத்துக்கு அடிவானம் 84 கிலோமீட்டர். தூசிப் படலம் அதில் பாதியைக்கூடக் காட்டவில்லை. சூரியன் கீழே மறைந்தபிறகும் மேலே இருக்கிறவர்களுக்குத் தெரிந்துகொண்டிருக்கும். அதனால்தான் 2011 ரமலானில் துபாயின் தலைமை முஃப்தி, 80ஆம் மாடிக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு நிமிடமும் 150க்கு மேல் இருப்பவர்கள் மூன்று நிமிடமும் பொறுத்து நோன்பு திறக்கவேண்டும் என்று அறிவித்தார். அண்ணனோடு அறையில் இருந்த கீழக்கரைக்காரர் அந்தச் செய்தியைச் சொன்னபோது, அண்ணனுக்கு அய்யாதான் நினைவுக்கு வந்தாராம். கீழே நாங்கள் விளக்கேற்றச் சொல்லிக் கத்துவோம். மரத்திலிருந்து அவர், "இன்னும் அடையலடா, இருங்க" என்பார். 20 மீட்டர் உயரத்துக்கு அரை நிமிடம் கூடுதல் சூரியன். அவர் சொன்னதும் கணக்குப்படி சரிதான்.

எல்லோரும் கண்ணாடி ஓரத்தில் படம் எடுத்துக்கொண்டிருக்க, அண்ணன் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தான். காற்று வருகிற கிரில்லுக்கு நேர்கீழே போய்க் கையை உயர்த்தி நின்றான்.

"என்னப்பா பாக்குறீங்க?"

"சத்தமில்லாம வருதுடா. மூட்டு ஒண்ணும் விடல."

"நீங்க போட்டதா?"

"எனக்கு நூறுக்குக் கீழதான் வேல. இது யாரு போட்டதோ, நல்லாப் போட்டுருக்கான்."

பிறகு அவனாகவே பேசத் தொடங்கினான். கண்ணாடி மாட்டுவதற்குமுன் விளிம்பில் கயிறு கட்டி நின்று பார்த்த கடலைப்பற்றி. மேலே ஏறும்போதெல்லாம் அய்யாவைப்போல இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொள்வதைப்பற்றி. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30இலிருந்து 3 மணிவரை வெயிலில் வேலை கூடாது என்று இப்போது சட்டம் இருக்கிறது. அது வருவதற்குமுன் மயங்கி விழுந்தவர்களைப்பற்றி. அய்யா உச்சிவெயிலில் ஒருபோதும் மரம் ஏறியதில்லை, எந்தச் சட்டமும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. அண்ணன் மகன் போனைப் பைக்குள் வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். அன்றைக்கு வாங்கிய டிக்கெட்டுக்கு அது ஒன்றே போதும் என்று எனக்குத் தோன்றியது.

இறங்கும்போது இன்னொன்றும் சொன்னான். வெளிக்காற்றின் ஈரம் குளிர்ந்த குழாய்களில் படிந்து தண்ணீராக வடிகிறது. அதைச் சேர்த்துத் தொட்டிக்குக் கொண்டுபோய், கீழே உள்ள செடிகொடிக்குப் பாய்ச்சுகிறார்கள். ஆண்டுக்குச் சுமார் 1.5 கோடி கேலன். மழை அரிதாகவே பெய்கிற ஊரில் காற்றிலிருந்து தண்ணீர் பிடித்து ஒரு சொட்டும் வீணாக்காமல் புல்லுக்கு விடுகிறார்கள். முதுகுளத்தூரில் காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தபிறகும், கடைக்கோடிக் கிராமத்துப் பெண்கள் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு போவதை இன்றைக்கும் பார்க்கலாம். கண்மாயைத் தூர்வாரி வரத்துக்கால்வாயை அடைப்பெடுத்தால் தீருகிற குறை இது. ஐப்பசி கார்த்திகையில் வானம் நமக்குக் கொடுக்கத்தான் செய்கிறது.

பனையையும் காக்கத் தவறிவிட்டோம். செங்கல் சூளைக்கு வெட்டி ஏற்றியதை லாரி லாரியாகப் பார்த்தேன். 2021இல்தான் கலெக்டர் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக்கூடாது என்று அரசு அறிவித்தது. ராமநாதபுரத்துக் கடலோரப் பனைகளில் பெரும்பகுதி இன்று பாளை சீவ ஆளில்லாமல் நிற்கிறது. எங்கள் ஊரில் ஏறுகிறவர்கள் எல்லாம் அறுபதைத் தாண்டியவர்கள். அவர்கள் பிள்ளைகள் துபாயிலும் சிங்கப்பூரிலும் கட்டடத்தில் ஏறிக்கொண்டிருக்கிறார்கள். ஏறும் துணிச்சல் எங்கள் மண்ணைவிட்டுப் போகவில்லை, அதற்குக் கூலி கொடுக்கிற இடம்தான் போய்விட்டது.

ஊர் திரும்பியதும் அண்ணன் கண்மாய்க் கரையில் பனங்கொட்டை ஊன்றினான். அவை பாளைவிட 15 வருஷமாவது ஆகும். அதற்குள் ஏறக் கற்றுத்தர ஒரு பயிற்சிக் கூடம், இடுப்புப் பட்டையோடு பாதுகாப்பான ஏறுகருவி, விழுந்தால் குடும்பத்துக்கு உடனே கிடைக்கிற காப்பீடு, பதனிக்கு நியாயமான கொள்முதல் விலை என்று நான்கு கோரிக்கைகளை எழுதினோம். ராமநாதபுரம் கலெக்டர் ஆபீசில் திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்து ரசீது வாங்கியிருக்கிறோம். அடுத்த திங்கள்கிழமையும் போகிறோம்; இந்தத் தடவை சாயல்குடி, நரிப்பையூர்ப் பக்கத்துப் பனையேறிகளும் கூட வருகிறார்கள்.