கார்காப்பியம்: தெருவோர இயல்

தமிழகத்தில் வண்டியை வெட்டவெளியில் விட்டுவிட்டு வந்த முதல் ஆள் என்று ஏட்டில் பதிவாகியிருப்பவன் பறம்பு மலைப் பாரி. பற்றிப் படரக் கொம்பில்லாத முல்லைக்கொடிக்குத் தன் தேரையே கொடுத்தான் என்று சிறுபாணாற்றுப்படை பேசுகிறது. அவன் கொடைமனத்தை இன்றுவரை மேடைதோறும் பாடிக்கொண்டிருக்கிறோம். அந்தத் தேர் அடுத்த ஐப்பசி மழைக்கு என்ன ஆனது, சட்டத்தில் கறையான் ஏறியதா, இருக்கையில் எந்தக் குருவி கூடு கட்டியது என்று கேட்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. தமிழாய்வில் உள்ள இந்தப் பெருங்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பின்னால் வந்தவர்கள் சற்று உஷாரானார்கள். திருவாரூர் ஆழித்தேரை அலங்கரித்து நிறுத்தினால் 96 அடி உயரம், சுமார் 300 டன் எடை. திருவிழா முடிந்தால் தேருக்கு நிலை தெருதான். தகரத்தாலோ கண்ணாடி இழைத் தகட்டாலோ தேரை மூடி வைக்கும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. ஊர் கூடி வடம் பிடித்தாலன்றி நகராது என்பதால் திருட்டுப் பயமும் இல்லை. மேற்கு மாம்பலத்துச் சந்தில் நிற்கும் ஒரு சின்னக் காருக்கு இந்த வசதிகள் எதுவும் வாய்க்கவில்லை.

ஆய்வுக் களம் சென்னை. அதிலும் வீட்டுக்கு ஒரு சைக்கிள், மிஞ்சினால் ஒரு ஸ்கூட்டர் என்ற கணக்கில் எழும்பிய பழைய தெருக்கள். எட்டு வீடுகள் உள்ள அடுக்ககத்தின் கீழே மூன்று கார் நிற்க இடமிருக்கும். மற்ற ஐந்து குடும்பமும் தெருவை நம்பிக் கார் வாங்கியவர்கள். ஜப்பானில் இதற்கென்று 1962இல் ஒரு சட்டமே போட்டார்கள். வீட்டிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் காரை நிறுத்த இடம் இருக்கிறது என்று போலீஸில் சான்று வாங்கினால்தான் அங்கே கார் பதிவாகும். நமக்கு நாலு டயருக்கு நாலு எலுமிச்சம்பழம் போதும்.

கருதுகோள் இது: வெளியே நிற்கும் காருக்கு வெயிலும் மழையும் காக்கையும் செய்யும் கேட்டைவிட, அதைக் காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று உடையவன் செய்யும் கேடே பெரிது.

தொல்காப்பிய நெறிப்படி முதல், கரு, உரி எனப் பிரித்துக்கொள்வோம். முதற்பொருளில் நிலம் தெருவோரம். பெரும்பொழுது கத்திரி வெயிலும் ஐப்பசி அடைமழையும். சிறுபொழுது இரவு ஒன்பதரை மணி, அதாவது அலுவலகத்திலிருந்து திரும்பி இடம் தேடும் நேரம். உரிப்பொருள் இரங்கல், இதில் அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. கருப்பொருளில்தான் எல்லா வம்பும்.

முதலில் மரம். கார் உடையவர்கள் மரத்தடிக் கட்சி, வெயில் கட்சி என்று இரண்டு கட்சியாக நிற்கிறார்கள். மரத்தடிக் கட்சியின் தலைமையகம் தூங்குமூஞ்சி மரம். நல்ல நிழல்தான். ஆனால் அதன் சாற்றை உறிஞ்சும் பூச்சிகள் இனிப்பான கழிவைச் சொட்டிக்கொண்டே இருக்கும். காலையில் முன்கண்ணாடியில் பசை படிந்திருக்க, வைப்பரைப் போட்டால் அது கண்ணாடி முழுக்கச் சீராகப் பரவும். புங்கம்பூ உதிர்வதைப் பொரியோடு ஒப்பிட்டு ரசித்தார்கள் சங்கப் புலவர்கள். அந்தப் பொரி பானெட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவிலுள்ள சல்லடைக்குள் இறங்கி, வடிகால் துளையை அடைத்து, மழைத் தண்ணீரைக் காருக்குள் கால்மிதி வரை கொண்டுவருவதைப் பார்க்கும் பேறு அவர்களுக்குக் கிட்டவில்லை. நாவல் மரம் சாயம் போடும். தென்னை பற்றிப் பேசவே வேண்டாம்.

வெயில் கட்சி இதையெல்லாம் சுட்டிக்காட்டித்தான் ஆள் சேர்க்கிறது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் நகரத்து மரங்களை ஆயிரக்கணக்கில் சாய்த்தபோது, நிழல் தந்த மரமே கார் மேல் படுத்துவிட, மரத்தடிக் கட்சியிலிருந்து பலர் இந்தப் பக்கம் தாவினார்கள். தாவியவர்கள் சித்திரையில் திரும்பிவிட்டார்கள். வெளியே 35 டிகிரி என்றால், கதவடைத்துக் கிடக்கும் காருக்குள் ஒரு மணி நேரத்தில் 50ஐத் தாண்டிவிடும். (குழந்தையையோ நாயையோ அதற்குள் ஐந்து நிமிடம்கூட விட்டுப் போகக் கூடாது. இந்த ஒன்றில் மட்டும் இக்கட்டுரை விளையாடவில்லை.)

அடுத்து புள். காக்கை, புறா, மைனா என மூவகை. பயனளவில் வேற்றுமை இல்லை. பறவைக்குத் தனியாகச் சிறுநீர் இல்லை. எல்லாம் யூரிக் அமிலமாகி வெள்ளைக் குழம்பாக இறங்குகிறது. காரின் மேல்பூச்சில் கடைசியாக இருப்பது நிறமில்லாத ஒரு வார்னிஷ் அடுக்கு. அதன் தடிமன் 40 முதல் 50 மைக்ரான்; தலைமுடியைவிட மெல்லிசு. வெயிலில் இந்த அடுக்கு சூடேறி இளகுகிறது. மேலே கிடக்கும் எச்சமோ காய்ந்து இறுகுகிறது. பொழுது சாய்ந்து சூடு தணியும்போது வார்னிஷ் அந்தக் கட்டியைச் சுற்றிச் சுருங்கி, அதன் வடிவத்தை அப்படியே பிடித்துக்கொள்கிறது. எச்சத்தை எடுத்த பிறகு பானெட்டைச் சாய்வாகப் பாருங்கள்: நடுவில் மங்கலாக ஒரு தீவு, கரையோரம் மெல்லிய வரம்பு, ஒரு பக்கம் வழிந்த வால். அது இனி அங்கேதான் இருக்கும்.

இவ்வளவும் இயற்கையின் வேலை. உடையவன் அடுத்து என்ன செய்கிறான் என்பதே ஆய்வுக்குரியது. கையில் கிடைத்த நாளிதழை எடுத்து, காய்ந்த எச்சத்தை அழுத்தித் தேய்க்கிறான். எச்சத்தில் மணலும் விதையும் இருக்கும். அமிலம் போட்ட புள்ளியைச் சுற்றி இவன் உப்புத்தாள் போட்டுவிடுகிறான். ஈரத்துணியை அதன்மேல் ஐந்து நிமிடம் போட்டு வைத்து, ஊறியதும் தேய்க்காமல் வழித்தெடுத்தால் காரியம் முடிந்தது. இந்த ஐந்து நிமிடப் பொறுமைதான் கிடைப்பதில்லை. மாதச் சம்பளத்துக்குக் கார் துடைக்க வருபவர் மேல் பழி போடுவோரும் உண்டு. ஒரு பக்கெட், ஒரு துணி, தெரு முழுக்கக் கார் என்றால் கடைசிக் காருக்கு வரும் துணியில் முந்தைய கார்கள் அத்தனையின் மண்ணும் இருக்கும். வெயிலில் தெரியும் வட்ட வட்டக் கீறல்களின் மூலம் இதுவே. ஆனால் இரண்டாவது துணி வாங்கக் காசு கொடுத்த உடையவரைக் கள ஆய்வில் காண முடியவில்லை.

இனி, கவர். இந்த இயலின் இதயம். கவர் போட்டால் கார் பத்திரம் என்பது தெருவோர மக்களின் ஆழ்ந்த நம்பிக்கை. முதல் வாரம் பயபக்தியோடு நடக்கும். இரவு பத்து மணிக்கு ஒரு மனிதர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன் பம்பரில் எலாஸ்டிக்கை மாட்டுவார். பின்பக்கம் போவதற்குள் முன்பக்கம் விடுபட்டுக்கொள்ளும். பக்கக் கண்ணாடிக்குத் தைத்த காதுகள் எப்போதும் கதவுக் கைப்பிடிக்குத்தான் வந்து சேரும். நாலு சுற்றுச் சுற்றி முடித்த பிறகே கார் வெளிவிளக்கு எரிந்துகொண்டிருப்பது தெரியும்.

இதில் அறிவியல் என்னவென்றால், கவர் பெரும்பாலும் போர்த்தப்படுவது தூசி படிந்த கார் மேல். காற்று அடிக்கும்போதெல்லாம் துணி உப்பி அசைகிறது. அடியிலுள்ள தூசி இரவெல்லாம் தேய்க்கிறது. மழையில் நனைந்த காரை மூடினால் ஈரம் உள்ளேயே அடைபட்டுப் புழுங்கும். பெசன்ட் நகர், திருவான்மியூர்ப் பக்கம் அதோடு உப்புக் காற்றும் சேர்ந்து கதவின் அடிவிளிம்பில் துருவுக்கு வாசல் திறந்துவிடும். இருட்டு, கதகதப்பு, ஆள் பார்வை படாத மறைவு என்று கவர் தரும் மற்ற நலன்கள் எலிக்கு. அது பானெட்டுக்குள் குடியேறி ஒயரைக் கடித்து வைத்தால், ஒரு நூலளவு ஒயருக்காக ஒயரிங் கட்டையே மாற்றச் சொல்வார்கள். அந்துருண்டை, புகையிலைக் கட்டு, மிளகாய்த்தூள் மூட்டை என்று உள்ளே தொங்கவிடுவோர் உண்டு. அந்துருண்டை மணத்தில் காரோட்டிக்குத் தலைவலி வரும். எலிக்கு உண்மையில் பிடிக்காதது ஒன்றே: தினமும் ஓடும் கார்.

விலங்கில் நாயையும் விட முடியாது. கார் நகர்ந்து வந்து நின்றதும் அடியில் நிழலுக்கு ஒரு நாய், மேலே எஞ்சின் சூட்டுக்கு ஒரு பூனை என்று சமரசமாகவே இருக்கின்றன. சமரசம் குலையும் இரவுகளில் பானெட் போர்க்களமாகிறது.

மனிதர் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். தெரு பொது இடம். ஆனால் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி, சிமென்ட் நிரப்பிய பெயின்ட் டப்பா, பழைய டயர் ஆகிய மூன்றும் பட்டாப் பத்திரத்துக்குச் சமம். எதிர்வீட்டுக் கேட்டில் ‘வண்டி நிறுத்தினால் காற்று பிடுங்கப்படும்’ என்று எழுதியிருப்பது அச்சுறுத்தலன்று, நேர்மை. சட்டம் என்ன சொல்கிறது என்றால், 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 127ஆம் பிரிவுப்படி, பொது இடத்தில் கவனிப்பாரின்றி 10 மணி நேரத்துக்கு மேல் நிற்கும் வண்டியைச் சீருடையிலுள்ள போலீஸ் அதிகாரி இழுத்துப்போகச் சொல்லலாம். அப்படிப் பார்த்தால் தெருவோரக் கார் வைத்திருப்பவருக்கு ஞாயிற்றுக்கிழமை நெடுந்தூக்கம் சட்ட விரோதம்.

எஞ்சியது நீர். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முங்கிய கார்கள் பலவற்றை மழை கொல்லவில்லை. தண்ணீர் வடிந்ததும் ‘ஸ்டார்ட் ஆகிறதா பார்ப்போம்’ என்று சாவியைத் திருகிய கைதான் கொன்றது. காற்று போகும் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் புகுந்திருந்தால் பிஸ்டனால் அதை அழுத்த முடியாது. கனெக்டிங் ராடு வளைந்துபோகும். எஞ்சினுக்கென்று தனியாகக் காப்பீடு எடுக்காதவருக்கு அந்தச் செலவு பெரும்பாலும் சொந்தச் செலவு. கருதுகோளுக்கு இதைவிட வலுவான சான்று இல்லை.

இதற்கு நேர்மாறான சான்றும் ஒன்று உண்டு, அதை மறைப்பது ஆய்வு நெறியாகாது. அடைமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரிவாசிகள் காரை மேம்பாலத்தில் கொண்டுபோய் வரிசையாக நிறுத்தத் தொடங்கினார்கள். 2024 அக்டோபர் மழைக்கு முன் அந்தப் பாலம் பார்க்கிங் போலவே ஆகிவிட்டது. கவர், மெழுகு, செராமிக் பூச்சு, படிகாரக் கயிறு எதுவும் செய்யாததை உயரம் செய்தது. அடுத்த மழைக்கு அங்கே வருகிறவர்கள் கைப்பிடிச் சுவரை ஒட்டி ஒரே வரிசையாக நிறுத்துங்கள். ஆம்புலன்ஸ் போக வழி விடுங்கள். பாலத்துக்கு வர முடியாமல் தண்ணீரில் மாட்டியவர்கள் சாவியைத் தொடாதீர்கள், இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள்.